அக்காவின் ஒன்பது மார்க் பையன்

கண்ணாடிக்காரனுக்குக் கை சும்மா இருக்காது. எதிரே உட்கார்ந்திருப்பவர் மூக்கில் கண்ணாடி இருந்தால் போதும். பேச்சு நடக்கும்போதே அதைக் கழற்றி வாங்கி, 'ஹா' என்று ஊதி, சட்டைப்பையில் இருக்கும் துணியால் இரண்டு சுற்றுத் துடைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துத் திருப்பி மாட்டிவிடுவான். இருபத்தெட்டு வருடமாக மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டிப் பொருத்துகிறவனுக்கு அது மூச்சு விடுகிற மாதிரி. அந்தத் துணியில் லென்ஸ் துடைக்கும் திரவம் எப்போதும் லேசாக ஊறியிருக்கும். அவனுடைய எல்லாச் சட்டைகளிலும் இடது பையில் ஒரு நீலத் திட்டு உண்டு. அக்கா அவன் வீட்டுக்கு வந்தால் உட்காருவதற்கு முன்னாலேயே கண்ணாடியைக் கழற்றி அவனிடம் நீட்டிவிடுவாள். அவனும் கேட்காமலே வாங்கிக்கொள்வான்.

அக்கா அவனைவிட எட்டு வயது மூத்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவில் முப்பத்தொரு வருடம் வேலை. வருகிற படுக்கை விரிப்புகளைக் கறை பார்த்துப் பிரித்துப் போடுவது அவள் பொறுப்பு. ரத்தமா, மருந்தா, தேநீரா என்று பத்தடி தள்ளி நின்றே சொல்லிவிடுவாள். ஓய்வு பெற்ற அன்று கையில் ஒரு தொகையும் ஒரு சுவர்க்கடிகாரமும் கொடுத்து அனுப்பினார்கள். தொகையை வங்கியில் போட்டாள். கடிகாரத்தை அலமாரிக்குள் வைத்தாள். வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது ஒப்பந்தம்.

ஒரு வருடம் கழித்து வங்கிப் புத்தகத்தோடு தம்பி வீட்டுக்கு வந்தாள். கண்ணாடியை நீட்டினாள். அவன் துடைத்துக்கொண்டிருக்கும்போதே ஆரம்பித்தாள்.

"தம்பி, பணம் அப்படியேதான்டா இருக்கு. வட்டி கூட ரெண்டு காசு சேர்ந்திருக்கு. ஆனா போன வருஷம் இருந்த பணம் இல்ல இது. கடைக்குப் போனா பை பாதி கூட நிறைய மாட்டேங்குது."

அவன் மனைவி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். "எங்க கடையில வாராவாரம் பழைய விலைச்சீட்டு மேலேயே புதுசை ஒட்டுறோம்" என்றாள். "ஒட்டி ஒட்டி இருமல் மருந்து டப்பாவே தடிச்சுப்போச்சு. மருந்துதான் அதே அளவு."

இந்த இடத்தில் கண்ணாடிக்காரன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"அக்கா, பணத்தைப் பணமா வச்சிருந்தா உருகத்தான் செய்யும். பொருளா மாத்திடணும்" என்றான்.

அவன் சொன்ன பொருள் என்னவென்றால், கால்பந்துக் கார்டு. சிரிக்க வேண்டாம். உள்ளங்கை அகலத்துக்கு ஓர் அட்டை. முன்பக்கம் ஆட்டக்காரனின் படம், பின்பக்கம் அவன் உயரம், எடை, அடித்த கோல்கள். ஒரு காலத்தில் பையன்கள் சைக்கிள் சக்கரத்தில் சொருகிக்கொண்டு ஓட்டியது. கண்ணாடிக்காரன் இருபது வருடமாக அதைச் சேர்த்தவன். அப்போதெல்லாம் அவனைப் பைத்தியம் என்றவர்கள், விலைவாசி ஏற ஏற, அவனிடமே வந்து யோசனை கேட்டார்கள். நிலம் வாங்க முடியாதவனும் தங்கம் வாங்க முடியாதவனும் கார்டு வாங்கினான். இரண்டே வருடத்தில் அட்டைகள் யானை விலை குதிரை விலை விற்றன.

அதில் ஒரு சூட்சுமம் உண்டு. தரம் போடும் நிறுவனத்துக்குக் கார்டை அனுப்ப வேண்டும். அவர்கள் விளக்கடியில் வைத்து மூலை, ஓரம், மேற்பரப்பு எல்லாம் பார்த்துப் பத்துக்கு இவ்வளவு என்று மார்க் போட்டு, கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து ஒட்டித் தருவார்கள். அதன்பிறகு யாரும் கார்டை வாங்குவதில்லை, மார்க்கைத்தான் வாங்குகிறார்கள். ஒன்பதுக்கும் பத்துக்கும் வித்தியாசம் சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது. விலை மட்டும் நாலு மடங்கு.

அக்காவின் மொத்தத் தொகைக்கும் ஒரே ஒரு கார்டு வாங்கினான். 'இடதுகால்' என்று உலகமே செல்லமாகக் கூப்பிடும் ஆட்டக்காரனின் முதல் சீசன் கார்டு. அக்கா பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் அக்கா."

"முப்பத்தொரு வருஷமும் இதுக்குள்ள இருக்கு?" என்று சிரித்தாள். "யாருடா இந்தப் பையன்? மீசை கூட முளைக்கல."

"இப்ப பெரிய ஆளு. இது அவன் சின்ன வயசுல எடுத்தது."

"எத்தனை மார்க் வாங்கியிருக்கான்?"

"ஒன்பது."

"ஏன், அந்த ஒரு மார்க் எங்க போச்சு?"

அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள். அவனும் சிரித்தான். ஆனால் அந்தக் கேள்வி அவன் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

கார்டு அவன் வீட்டு அலமாரியில் இருந்தது. அக்கா வாரம் ஒருமுறை போன் செய்வாள். சுகம் விசாரிப்பதற்கு முன்னால், "பையன் எப்படி இருக்கான்?" என்பாள். "வளர்றான் அக்கா" என்பான் இவன். உண்மையாகவே வளர்ந்தான். எட்டு மாதத்தில் வாங்கிய விலையில் கால் பங்கு கூடியது. அக்கா கால்பந்து பார்க்கப் பழகினாள். இடதுகால் கீழே விழுந்தால் தொலைக்காட்சியைப் பார்த்து, "எழுந்திருடா கண்ணு, என் வீட்டுப் பணமெல்லாம் உன் முட்டியிலதான் இருக்கு" என்பாளாம்.

அப்போதுதான் அக்கா குடியிருந்த கட்டடம் கைமாறியது. புது முதலாளி ஒவ்வொரு கதவிலும் ஒரு கடிதம் ஒட்டினார். குடியிருப்பவர்களே வீட்டை வாங்கிக்கொள்ளலாம். விலையில் மூன்றில் ஒரு பங்கை ஐந்து மாதத்துக்குள் கட்டினால் மீதியை மாதாமாதம் கட்டலாம். இல்லையென்றால் காலி செய்ய வேண்டும். அக்காவுக்கு அது ஓர் அறையும் சமையலறையும் உள்ள வீடு. மூன்றாம் மாடி. இருபத்திரண்டு வருடமாக இருக்கிறாள். எத்தனை மணிக்கு வெயில் எந்தத் தரைக்கல்லில் விழும் என்று அவளுக்குத் தெரியும்.

"பையனை வித்துடு தம்பி" என்றாள் போனில். குரலில் பயமே இல்லை. "வீடு நம்மளுதுன்னு ஆனதும் முதல் வேலையா ஒரு ஆணி அடிக்கணும். அந்தக் கடிகாரத்தை மாட்டணும். ஆணி கூட வாங்கி வச்சுட்டேன்."

ஞாயிற்றுக்கிழமைதோறும் விளையாட்டரங்கின் பின்புற மண்டபத்தில் கார்டுச் சந்தை கூடும். அங்கே பெரிய வியாபாரி மொட்டை. தலை நிறைய முடி. வருகிறவர்களை மொட்டையடிப்பான் என்பதால் அந்தப் பெயர். ஆனால் அன்று அவன் பெட்டியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"அண்ணே, ரெண்டு மாசம் முன்னாடி வந்திருந்தா கண்ணை மூடிக்கிட்டு எடுத்திருப்பேன். இப்ப சுத்திப் பாருங்க. மேஜைக்கு அந்தப் பக்கம் நின்னு வாங்கினவன் எல்லாம் இந்தப் பக்கம் வந்து விக்கிறான். கரண்ட் பில் கட்டணும், பிள்ளை ஃபீஸ் கட்டணும்னு ஆளுக்கொரு பெட்டியோட வந்து நிக்கிறாங்க. வாங்குறதுக்கு ஆள் வேணாமா?"

அவன் சொன்ன விலை, அக்காவுக்கு வேண்டிய தொகையில் முக்கால் பங்கு.

"இன்னைக்கே குடுத்துடுங்க. அடுத்த வாரம் இந்த விலையும் சொல்ல மாட்டேன். மொட்டை சொல்றேன்னு நினைக்காதீங்க, தம்பி சொல்றேன்னு நினைச்சுக்குங்க."

ஏறியபோது என்ன சொன்னார்கள்? விலைவாசி ஏறுகிறது, அதனால் கார்டு ஏறுகிறது என்றார்கள். இறங்கும்போதும் அதையே சொல்கிறார்கள். விலைவாசி ஏறுகிறது, அதனால் கார்டு இறங்குகிறதாம். எப்படிப் போட்டாலும் தலையில் விழுவது என்னவோ கண்ணாடிக்காரன் மாதிரி ஆட்களுக்குத்தான். குறைந்த கால் பங்குக்கு வங்கியில் கடன் கேட்டுப் பார்த்தான். அங்கே வட்டி ஏறியிருந்தது, அக்காவுக்கு வயது ஏறியிருந்தது. கிடைக்கவில்லை.

மறு ஞாயிறு காலை, சமையலறை மேஜையில் விளக்கைப் போட்டுக்கொண்டு, லென்ஸ் பார்க்கும் பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக் கார்டைப் பார்த்தான். நாலு மூலையும் ஊசிமாதிரி இருந்தன. ஓரம் சுத்தம். பெட்டிக்கு வெளியிலிருந்து பார்த்தவரை ஒரு கீறல் கிடையாது. அந்த ஒரு மார்க் எங்கே போனது? ஒரு மணி நேரம் தேடினான். கிடைக்கவில்லை.

"இது பத்துதான்" என்றான் மனைவியிடம். "எவனோ அவசரத்துல ஒன்பது போட்டுட்டான்."

"அவங்க மெஷின் வச்சுப் பார்க்கிறவங்க."

"நான் இருபத்தெட்டு வருஷமா கீறல் பார்க்கிறவன். பத்துன்னு வந்தா அக்காவுக்கு வீட்டுப் பணம் போக மிச்சமே இருக்கும்."

பெட்டியோடு அனுப்பி, மறுபடி பாருங்கள் என்று கேட்கலாம். குறைக்க மாட்டார்கள், ஏற்றினால் ஏற்றுவார்கள். ஆனால் பழைய மார்க்கைப் பார்த்தபடி புது மார்க் போடுகிறவன் தைரியமாகப் போடுவானா? அதனால் விவரம் தெரிந்தவர்கள் பெட்டியை உடைத்துக் கார்டை வெளியே எடுத்துப் புதிது போல அனுப்புவார்கள். கட்டணமும் குறைவு. அந்த உலகத்தில் இது எல்லாரும் செய்கிற காரியம். கண்ணாடிக்காரனே மற்றவர்களுக்குப் பத்துத் தடவை செய்து கொடுத்திருக்கிறான்.

பெட்டியைத் துண்டில் சுற்றி, மூலையைக் குறடால் பிடித்து நெரித்தான். பிளாஸ்டிக் 'படக்' என்று விட்டது. மனைவி தேநீர்க் கோப்பையோடு கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கார்டில் கீறல் படாமல் எடுத்துவிட்டான். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தான். பளபளவென்று இருந்தது. மெல்லிய உறையில் போட்டு, மறுநாள் காலையிலேயே பதிவுத் தபாலில் அனுப்பினான்.

இருபது நாள் என்றார்கள். நாற்பது ஆயிற்று. அறுபது ஆயிற்று. வியாபாரம் படுத்ததால் அந்த நிறுவனத்தில் பாதி ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். போன் செய்தால் பாட்டு ஓடியது. அதைக் கேட்டுக் கேட்டு அவன் மனைவி பாத்திரம் கழுவும்போது முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டாள். சந்தையில் வாரத்துக்கு நாலு மேஜை குறைந்தன. மொட்டை தன் மேஜையில் பாதி இடத்தைச் செல்போன் உறைகளுக்கு ஒதுக்கிவிட்டான்.

"பையன் எங்கடா?" என்றாள் அக்கா.

"பரீட்சைக்குப் போயிருக்கான் அக்கா. பத்து மார்க் வாங்கிட்டு வருவான்."

"ரிசல்ட் எப்போ?"

"வந்துடும்."

"சீக்கிரம் வரச் சொல்லு. இங்க நாள் ஓடுது" என்று சிரித்தாள். முதல் மாதம் சிரித்த சிரிப்பு இல்லை அது.

கெடுவுக்குப் பத்து நாள் இருக்கும்போது பார்சல் வந்தது. கண்ணாடிக்காரன் அதே சமையலறை மேஜையில் வைத்துப் பிரித்தான். புதுப் பெட்டி, புதுச் சீட்டு. மார்க் இருக்க வேண்டிய இடத்தில் மார்க் இல்லை. கூடவே ஒரு துண்டுத் தாள்: 'உண்மையான கார்டு. மேற்பரப்பு துடைக்கப்பட்டுள்ளது. மதிப்பெண் வழங்க இயலாது.'

"துடைச்சிருக்காம்!" என்று கத்தினான். "அவன் ஆபீஸ்ல எவனோ துடைச்சுட்டு நம்ம தலையில கட்டுறான். யாரு துடைச்சா இதை?"

மனைவி துண்டுத் தாளை வாங்கிப் படித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"நீங்கதாங்க."

"நானா?"

"பெட்டியை உடைச்சு எடுத்தீங்கல்ல. எடுத்ததும் 'ஹா'ன்னு ஊதினீங்க. பையிலேருந்து துணியை எடுத்து ரெண்டு சுத்து. அப்புறம்தான் வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தீங்க. நான் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். அதுவும் அதுல ஒரு வேலைன்னு நினைச்சேன்."

அவன் நினைவுபடுத்திப் பார்த்தான். குறடு நினைவிருந்தது. படக் என்ற சத்தம் நினைவிருந்தது. பளபளப்பு நினைவிருந்தது. நடுவில் இருந்தது மட்டும் வரவில்லை. பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தான். விளக்கைச் சாய்த்தபோது தெரிந்தது. இடதுகாலின் மீசை முளைக்காத முகத்தின் மேல் வட்டமாக, லேசாக, இரண்டு சுற்று. எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. அதை நிமிர்த்தக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. 'உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா' என்று ஒரு சொல் உண்டு. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிற ஒருவனுக்காகவே அதை யாரோ சொல்லி வைத்தது போல் இருந்தது.

மொட்டையிடம் போனான். மொட்டை சீட்டைப் படித்தான், கார்டைச் சாய்த்துப் பார்த்தான், பேரம் பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"பழைய விலையில பத்துல ஒரு பங்கு தரேன் அண்ணே. அதுவும் உங்களுக்காக. எனக்கு இது விக்காது."

"பத்துல ஒண்ணா?"

"மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க. அந்த ஒன்பதை உடைக்காம வச்சிருந்தா மட்டும் என்ன? இன்னைக்கு மார்க்கெட்ல அது பாதிக்குக்கூடப் போகாது. எப்படியும் வீட்டுக்குப் பத்தியிருக்காது."

கண்ணாடிக்காரன் கார்டை விற்கவில்லை. ஆனால் மொட்டை சொன்ன அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் இலவசமாக வாங்கிக்கொண்டு வந்தான். வழியெல்லாம் அதையே வாய்க்குள் போட்டுச் சப்பிக்கொண்டு நடந்தான். எப்படியும் பத்தியிருக்காது. எப்படியும் பத்தியிருக்காது. பொய் இல்லையே. மார்க்கெட் விழுந்தது, வட்டி ஏறியது, உலகமே அப்படித்தான். அக்காவிடம் இதைச் சொன்னால் போதும். முதல் ஞாயிறே மொட்டை கேட்ட விலைக்குக் கொடுத்திருந்தால் முக்கால் பங்காவது கையில் இருந்திருக்கும் என்ற நினைப்பு வரும்போதெல்லாம் நடையை வேகமாக்கினான்.

கட்டட முதலாளியின் அலுவலகத்தில் கெடு கேட்டுப் பார்த்தான். அங்கிருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். "நாங்களும் வாடகை வீடுதான் சார். எங்க வீட்டுக் கதவுலயும் இதே கடிதம்தான் ஒட்டியிருக்கு" என்றாள். அதற்குமேல் அவளிடம் என்ன கேட்பது?

கடைசி நாள் காலை அக்கா வீட்டுக்குப் போனான். மதியம் இரண்டு மணிக்குள் சாவியைக் கொடுக்க வேண்டும். அக்கா இனி அவன் வீட்டுக் கூடத்தில், சோபாவில் படுத்துக்கொள்ளப் போகிறாள். சுவர்களில் ஆணி இல்லாததால் கழற்றுவதற்கு எதுவும் இல்லை. எல்லாம் ஆறு அட்டைப்பெட்டிக்குள் அடங்கிவிட்டது. கடிகாரம் ஒரு பெட்டியின் மேலாக இருந்தது. அதன்மேல் பிரிக்காத ஆணிப் பொட்டலம்.

அவன் நின்றபடியே சொல்லி முடித்தான். வட்டி, விலைவாசி, காலியாகிப் போன மேஜைகள், மொட்டை, செல்போன் உறைகள். ஒன்றுகூடப் பொய் இல்லை.

அக்கா தலையாட்டிக் கேட்டாள். "விடுடா" என்றாள். "ஊருக்கே வந்தது நமக்கும் வந்துச்சு. நீ என்ன பண்ணுவ? உனக்கு மட்டும் மார்க்கெட் தனியா ஏறுமா?"

அவனுக்கு உடம்பெல்லாம் லேசாயிற்று. அப்படி லேசானதற்காக அவனுக்கே அவன்மேல் அருவருப்பாகவும் இருந்தது.

"பையனைக் காட்டு" என்றாள். "இத்தனை நாள் ஆச்சு பார்த்து."

கொடுக்காமல் இருக்க ஒரு காரணம் தேடினான். கிடைக்கவில்லை. பெட்டியைக் கொடுத்தான். அவள் அதை ஜன்னலுக்குக் கொண்டுபோய், முப்பத்தொரு வருடம் படுக்கை விரிப்புகளைப் பார்த்த பழக்கத்தில், வெளிச்சத்தில் லேசாகச் சாய்த்துப் பார்த்தாள்.

"இதை யாரோ துடைச்சிருக்காங்களே."

பெட்டியை இன்னும் கொஞ்சம் சாய்த்தாள்.

"ஈரத்துணி. தண்ணி ஈரம் இல்ல, மருந்து ஈரம்" என்றாள். விரலைப் பெட்டியின்மேல் வைத்து மெதுவாகச் சுற்றினாள். "வட்டமா, ரெண்டு சுத்து."

விரல் நின்றது. அவள் பார்வை கார்டிலிருந்து எழுந்து, அவன் முகத்துக்கு வராமல், நடுவில் அவன் சட்டையின் இடது பையில் நின்றது. துணியின் நீல முனை வெளியே தெரிந்தது. வெகுநேரம் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் "அக்கா" என்று ஆரம்பித்தான்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பான். கார்டைக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள். ஆணிப் பொட்டலத்தை எடுத்து, என்ன செய்வது என்று தெரியாதவள் போலச் சற்று நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, ஜன்னல் விளிம்பிலேயே வைத்துவிட்டாள். அதற்குள் அவள் கண்ணாடியின் இரண்டு லென்ஸும் கலங்கியிருந்தன. கழற்றினாள்.

அவன் கை தானாக நீண்டது. மறு கை பைக்குள் போய்த் துணியைப் பிடித்துவிட்டது.

"வேணாம்டா" என்றாள் அக்கா, கண்ணாடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு. "நானே துடைச்சுக்கிறேன்."

சட்டைக் கையின் நுனியால் மெல்லத் துடைத்து மாட்டிக்கொண்டு, சாவியைத் தேடி எடுத்தாள்.